புத்தகம் திறந்திருக்கும் வரை எல்லாம் தெரியும்

கேள்வி சுருக்கமாக இது: "தினமும் 5, 6 மணி நேரம் படிக்கிறேன். படிக்கும்போது நன்றாகப் புரிகிறது. ஒரு பாடத்தை மூன்று, நான்கு தடவை வாசித்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் கோடும் போட்டுவிடுகிறேன். தேர்வில் உட்கார்ந்தால் பாதி வருவதில்லை. என்னைவிடக் குறைவாகப் படிப்பவர்கள் அதிக மதிப்பெண் வாங்குகிறார்கள். எனக்கு ஞாபகசக்தி குறைவா?"

ஞாபகசக்தியைக் குறை சொல்வதற்கு முன் அந்த 6 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பாடம் உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு தடவையாவது வெளியே வந்ததா? தேர்வு உங்களிடம் கேட்பது, புத்தகம் இல்லாமல் எடுத்துச் சொல்வதை. அந்த வேலையை வீட்டில் ஒரு நாளும் பழகாமல் தேர்வறையில் முதல் முறையாகச் செய்கிறீர்கள். தடுமாறாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நான்காவது தடவை வாசிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிப்போயிருக்கும். அடுத்த பத்தியில் என்ன வரும் என்றுகூட ஊகிக்க முடியும். இந்தப் பழக்கத்தைத்தான் 'எனக்குத் தெரியும்' என்று நாம் தப்பாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறோம். தினமும் எதிரே வரும் ஒருவரின் முகத்தைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். அவர் இல்லாதபோது அந்த மூக்கையும் புருவத்தையும் வர்ணிக்கச் சொன்னால் திணறுவோம். வாசித்து வாசித்துப் படிப்பவர்களுக்குப் பாடத்தோடு இருப்பது இந்த அளவு பழக்கம்தான்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒரு கட்டுரையை இரண்டு தடவை படிக்க வைத்தார்கள். இன்னொன்றை ஒரு தடவை மட்டும் படிக்க வைத்து, தாளை வாங்கிக்கொண்டு, நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். 5 நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தடவை படித்ததுதான் முன்னால் இருந்தது: அதில் 81 சதவீதம், எழுதிப் பார்த்ததில் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தவர்களிடம் நிலைமை தலைகீழ். இரண்டு தடவை படித்ததில் 42 சதவீதம் நினைவிருந்தது; எழுதிப் பார்த்ததில் 56. இதே ஆய்வின் அடுத்த சோதனையில் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், தங்களுக்குத்தான் அதிகம் நினைவிருக்கும் என்று நம்பினார்கள். உங்கள் நிலைமை அச்சாக இதுதான். வாசிப்பு நம்பிக்கையைத் தருகிறது. மதிப்பெண்ணை எழுதிப் பார்ப்பது தருகிறது. 5 நிமிடக் கணக்கையும் மறந்துவிடாதீர்கள். முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து முட்டி மோதிப் படித்தால் மறுநாள் காலைத் தேர்வில் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம் என்பது உண்மைதான். அடுத்த பருவத்தில் அதே பாடத்தின் மேல் கட்டிய பாடம் வரும்போதுதான் அடித்தளம் காலி என்று தெரியும்.

செய்முறை இப்படி. முழுப் பாடத்தை எடுக்காதீர்கள்; 4 முதல் 6 பக்கம் போதும். 20, 25 நிமிடம் கவனமாக, ஒரே ஒரு தடவை வாசியுங்கள். கோடு போடும் பேனாவை ஓரமாக வைத்துவிட்டு, பக்க ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதுங்கள், பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று. பிறகு புத்தகத்தை மூடி, வெறும் தாளில் நினைவுக்கு வருவதையெல்லாம் 10 நிமிடம் எழுதுங்கள். வரிசையோ அழகோ முழு வாக்கியமோ தேவையில்லை. படம் இருந்தால் படம், சூத்திரம் இருந்தால் சூத்திரம். கை நின்ற பிறகு ஓரத்துக் கேள்விகளை மட்டும் பார்த்து இன்னும் கொஞ்சம் எழுதுங்கள். கடைசியில் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தப்பாக எழுதியதையும் அதே தாளில் சிவப்புப் பேனாவால் சேருங்கள். அடுத்த தடவை புத்தகத்தில் திரும்ப வாசிக்க வேண்டியது அந்தச் சிவப்பு இடங்களை மட்டும்தான்.

கேள்வி எழுதுவதில்தான் பலர் சறுக்குவார்கள். சிறுநீரகம் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். 'நெஃப்ரான் என்றால் என்ன?' என்று எழுதினால் அது வரையறையை ஒப்பிக்க வைக்கும் கேள்வி, அதோடு நின்றுவிடும். 'ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டப்படுகிறது, வெளியே போவதோ 1 முதல் 2 லிட்டர்; மீதி எங்கே போகிறது, எந்தெந்தப் பகுதியில்?' என்று எழுதிப் பாருங்கள். இந்த ஒரே கேள்விக்குப் பதில் சொல்ல, வடிகட்டும் இடம், அண்மைச் சுருள் குழல், ஹென்லே வளைவு, சேகரிப்பு நாளம், நீரைத் திரும்ப இழுக்கச் சொல்லும் ஹார்மோன் எல்லாம் வரிசையாக வந்தாக வேண்டும். 'வடிகட்டிய திரவத்தில் குளுக்கோஸ் இருக்கிறது, ஆரோக்கியமானவரின் சிறுநீரில் இல்லை, ஏன்? நீரிழிவு நோயாளிக்கு மட்டும் ஏன் வருகிறது?' என்பது அடுத்தது. 'ஏன்', 'எப்படி', 'இது இல்லாவிட்டால் என்ன ஆகும்', 'இதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு': இந்த நான்கில் ஒன்றாவது கேள்வியில் இருந்தால் அது நல்ல கேள்வி. வரையறைகளும் ஆண்டுகளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றுக்கு அட்டை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இந்த முறையை ஆரம்பித்தவர்களில் பலர் முதல் வாரத்திலேயே விட்டுவிடுவதற்குக் காரணம், முதல் நாள் தாள் பாதி காலியாக இருப்பது. 'எனக்கு ஒன்றுமே வரவில்லை, இதற்கு வாசிப்பதே மேல்' என்று திரும்பிப் போய்விடுவார்கள். காலி இடம் தெரிவதற்காகத்தான் எழுதுகிறோம். தேர்வறையில் தெரியவிருந்தது வீட்டிலேயே தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். இரண்டாவது தவறு, 5 விநாடி யோசித்துவிட்டுப் புத்தகத்தை எட்டிப் பார்ப்பது. ஒரு நிமிடமாவது முட்டிப் பாருங்கள். தேடித் தேடி எடுக்கும் அந்த முயற்சியில்தான் நினைவு இறுகுகிறது. மூன்றாவது, மனசுக்குள்ளேயே 'ஆமாம், இது தெரியும்' என்று தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போவது. மனம் தாராளமாக மதிப்பெண் போடும். எழுதுங்கள், அல்லது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஒரு தடவை சரியாகச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவோம். முன்பு சொன்ன ரோடிகரும் கார்ப்பிக்கும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்வாஹிலி மொழியின் 40 சொற்களைப் பொருளோடு கற்க வைத்தார்கள். ஒரு தடவை சரியாகச் சொன்ன பிறகும் தொடர்ந்து சோதிக்கப்பட்ட மாணவர்களுக்கு, ஒரு வாரத்துக்குப் பின் சுமார் 80 சதவீதம் நினைவிருந்தது. சரியாகச் சொன்னதைச் சோதனையிலிருந்து எடுத்துவிட்டவர்களுக்கு 35 சதவீதத்தை ஒட்டித்தான். இவர்களில் ஒரு குழு அந்தச் சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டுதான் இருந்தது, அது உதவவில்லை. எனவே தெரிந்ததை மறுபடி வாசிக்காமல் விடலாம். கேட்டுப் பார்ப்பதை விடக்கூடாது.

எப்போது கேட்டுப் பார்ப்பது என்பது அடுத்தது. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-இல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்தார். மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்பது அவருடைய அளவுகோல். 20 நிமிடத்துக்குப் பின் மிச்சம் 58 சதவீதம், ஒரு நாளுக்குப் பின் 34, ஒரு மாதத்துக்குப் பின் 21. பொருள் புரிந்த பாடம் இவ்வளவு வேகமாக மறக்காது. ஆனால் வளைவின் வடிவம் அதேதான்: முதல் நாளில் சரசரவென்று இறங்கி, பிறகு மெதுவாகச் சரியும். அதனால் முதல் மீள்பார்வையைச் சீக்கிரமே வைத்து, போகப்போக இடைவெளியை நீட்ட வேண்டும். மறுநாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 16-ஆம் நாள், பிறகு மாதத்துக்கு ஒருமுறை என்பது ஒரு நடைமுறை அட்டவணை. இந்த எண்களில் மந்திரம் ஏதும் இல்லை. 3-க்குப் பதில் 4 ஆனால் குடி முழுகிவிடாது. தேர்வுக்குச் சில வாரமோ சில மாதமோ இருந்தால், மீதி இருக்கும் நாட்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இடைவெளி விடலாம். 30 நாள் இருக்கிறதா, 3 முதல் 6 நாள் இடைவெளி.

மீள்பார்வை என்றால் திரும்ப வாசிப்பது என்று எடுத்துக்கொண்டால் எல்லாம் வீண். புத்தகத்தை மூடி, ஓரத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதுவது மட்டுமே மீள்பார்வை. முதல் நாள் 40 நிமிடம் எடுத்த பகுதி மறுநாள் 10 நிமிடத்தில் முடியும், 7-ஆம் நாள் 5 நிமிடத்தில் முடியும். இவ்வளவு நேரம் மிச்சமாகும்போது 6 மணி நேரப் படிப்பு தேவையா என்ற கேள்வி தானாக வரும். பெரும்பாலும் தேவையில்லை.

வரையறை, ஆண்டு, வேதிச் சமன்பாடு, அந்நியமொழிச் சொல் போன்ற துண்டுத் தகவல்களுக்கு அட்டை முறை. 1970-களில் ஜெர்மன் மொழியில் செபாஸ்டியன் லைட்னர் பிரபலப்படுத்திய பெட்டி முறை இன்றைக்கும் உதவும். ஐந்து பெட்டிகள். புது அட்டைகள் எல்லாம் முதல் பெட்டியில். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு நகரும். தப்பானால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்குத் திரும்பும். முதல் பெட்டியைத் தினமும் எடுங்கள், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை என்று நீட்டிக்கொண்டே போங்கள். அன்கி போன்ற செயலிகள் இதே வேலையைத் தாமே கணக்குப் போட்டுச் செய்கின்றன. இரண்டே எச்சரிக்கை. ஓர் அட்டைக்கு ஒரே ஒரு கேள்வி, ஒரே ஒரு பதில். 'வைட்டமின்கள், அவற்றின் குறைபாட்டு நோய்கள்' என்று எட்டு வரியை ஒரே அட்டையில் அடைத்தால், ஆறு சொல்லி இரண்டை விட்டபோது அது சரியா தப்பா என்றே முடிவு செய்ய முடியாது. ஒரு நாளைக்கு 15, 20 புது அட்டைக்கு மேல் வேண்டாம். உற்சாகத்தில் ஒரே வாரத்தில் 500 அட்டை செய்தால், மூன்றாவது வாரத்தில் பாக்கி மலைபோலக் குவியும், அத்தோடு செயலியையே திறக்க மாட்டீர்கள்.

மஞ்சள் கோட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜான் டன்லாஸ்கியும் அவரது சகாக்களும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை எடுத்து, அதுவரை வந்த ஆய்வுகளை வைத்துத் தரம் பிரித்தார்கள். கோடு போடுவது, திரும்ப வாசிப்பது, சுருக்கம் எழுதுவது ஆகியவை கடைசி வரிசையில் நின்றன. தன்னைத் தானே சோதிப்பதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் முதல் வரிசை. சுருக்கம் எழுதுவது கடைசியில் வந்தது பலருக்கு உறுத்தும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதும் சுருக்கம் பெரும்பாலும் நகலெடுப்பாக முடிந்துவிடுகிறது. நான்கு வண்ணப் பேனாவில், கட்டம் கட்டி, நிழல் கொடுத்து எழுதிய நோட்ஸ் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் கை வேலை செய்தது, தலை ஓய்வெடுத்தது. 'நான் பார்த்துப் படிக்கும் ரகம், அவன் கேட்டுப் படிக்கும் ரகம்' என்ற பேச்சையும் விட்டுவிடலாம். ஒவ்வொருவருக்கும் பிடித்த வழி இருக்கலாம். அதன்படி கற்பித்தால் கூடுதலாகக் கற்கிறார்கள் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடைக்கவில்லை.

வகுப்பில் குறிப்பெடுப்பதற்கு கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் 1950-களில் வகுத்த பக்க அமைப்பு போதும். இடப்பக்கம் 6 சென்டிமீட்டர் விட்டு ஒரு கோடு, கீழே 5 சென்டிமீட்டர் விட்டு ஒரு கோடு. வலது பெரிய பகுதியில் வகுப்புக் குறிப்பு. அன்று மாலையே இடது ஓரத்தில் கேள்விகள். கீழே இரண்டு வரியில் சாரம், அதுவும் மேலே பார்க்காமல். பலர் வலப்பக்கத்தை மட்டும் நிரப்பிவிட்டு இடப்பக்கத்தைக் கடைசிவரை காலியாக விடுவார்கள். அப்படியானால் சாதாரண நோட்டே போதுமே.

கணக்கு, இயற்பியல் போன்ற பாடங்களுக்கு வேறு நோய். தீர்த்துக் காட்டிய கணக்கை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் நியாயமாகத் தெரியும். புத்தகத்தை மூடிவிட்டு முதல் வரியை எழுதச் சொன்னால் கை நகராது. ஏனென்றால் கணக்கில் கடினமான முடிவு எந்த முறையை எடுப்பது என்பது. அதைப் புத்தகமே எடுத்துக் கொடுத்துவிட்டது. தொகையிடலில் இரண்டு கணக்குகளைப் பாருங்கள். ஒன்று, எக்ஸ் பெருக்கல் ஈ அடுக்கு எக்ஸ். இன்னொன்று, எக்ஸ் பெருக்கல் ஈ அடுக்கு எக்ஸ் வர்க்கம். தாளில் எழுதினால் மேலே ஒரு குட்டி 2 மட்டும்தான் வித்தியாசம். முதலாவதற்குப் பகுதித் தொகையிடல் வேண்டும். இரண்டாவதில் எக்ஸ் வர்க்கத்தை வேறோர் எழுத்தாகப் பிரதியிட்டால் இரண்டு வரியில் முடியும். அங்கே போய் எக்ஸைத் தனியே பிரித்து ஈ அடுக்கு எக்ஸ் வர்க்கத்தைத் தொகையிடக் கிளம்பினால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். 'பகுதித் தொகையிடல்' என்று தலைப்பிட்ட பயிற்சியில் 20 கணக்குப் போட்டவருக்கு இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பே வருவதில்லை. தலைப்பு முன்கூட்டியே விடையைச் சொல்லிவிட்டது. தேர்வுத்தாளில் தலைப்பு இருக்காது.

அதனால் கலந்து போடுங்கள். ஒரு புது முறையைக் கற்ற அன்று, அதே வகையில் 4, 5 கணக்கு தொடர்ச்சியாகப் போடுவது சரி. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போடும் 10 கணக்கில் 3 மட்டும் அன்றைய பாடத்திலிருந்து, மீதி 7 பழைய பாடங்களிலிருந்து, வரிசை குலைத்து. டக் ரோரர், கெல்லி டெய்லர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு வகைத் திண்மங்களின் கன அளவு காணக் கற்றார்கள். வகைவாரியாகப் பயின்றவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள். கலந்து பயின்றவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையில் முதல் குழு 20, இரண்டாவது குழு 63. பயிற்சியில் எரிச்சலூட்டும் முறை தேர்வில் மூன்று மடங்கு கொடுத்தது. கலந்து போடும்போது 'எனக்குக் கணக்கே வராது போல' என்று தோன்றும் நாட்களில் இந்த எண்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வராமல் மாட்டிக்கொண்டால் எவ்வளவு நேரம் போராடலாம்? பள்ளிப் பாடத்தில் 10 நிமிடம், கல்லூரிப் பாடத்தில் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு விடையின் முதல் இரண்டு வரியை மட்டும் பார்த்து, மூடிவிட்டுத் தொடருங்கள். முழு விடையையும் பார்க்க வேண்டி வந்தால், அந்தக் கணக்கைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, 3 நாள் கழித்து வெறும் தாளில் முதலிலிருந்து போடுங்கள். ஒரு பிழை நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிழைக்கும் ஒரே ஒரு வரி: முறை தெரியவில்லையா, முறை தெரிந்தும் எது என்று தேர்ந்தெடுக்கத் தெரியவில்லையா, கேள்வியைத் தப்பாக வாசித்தேனா, கூட்டல் கழித்தல் பிழையா. ஒரு மாதத்தில் எந்த வகை அதிகம் என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் 'கவனக்குறைவு' என்று எழுதி முடிப்பவர்கள் திருத்திக்கொள்ள எதுவும் கிடைக்காமல் போவார்கள். குறி மாற்றிப் போடும் பிழை தொடர்ந்து வருகிறது என்றால், அது குணக்குறை இல்லை. அடைப்புக்குறியை விரிக்கும் வரியைத் தனியாக எழுதாமல் தாவுகிறீர்கள் என்று அர்த்தம்.

திட்டமிடுவதற்கு வருவோம். 1994-இல் ரோஜர் பியூலரும் சகாக்களும் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 34 நாள். எல்லாம் சொதப்பினால்கூட 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். ஆகவே ஒரு வேலைக்கு நீங்கள் போடும் மதிப்பீட்டை ஒன்றரை மடங்காக்கி அட்டவணையில் எழுதுங்கள். வாரத்தில் ஒரு அரைநாளை எதையும் ஒதுக்காமல் விடுங்கள். விட்டுப்போனதெல்லாம் அங்கே போய்ச் சேரும். காலை 5 முதல் இரவு 11 வரை கட்டம் கட்டிய அட்டவணை, முதல் கட்டம் தவறியவுடன் மொத்தமாகச் செத்துவிடும். 'வேதியியல், 2 மணி நேரம்' என்று எழுதுவதும் வேலைக்கு ஆகாது. 'வேதிச் சமநிலை, 6 கணக்கு, புத்தகம் மூடி' என்று எழுதுங்கள். முடிந்ததா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும்.

ஆரம்பிப்பதுதான் கஷ்டம் என்பவர்களுக்கு பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்த ஓர் எளிய வழி உண்டு: 'இது நடந்தவுடன், இந்த இடத்தில், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. 'இனி ஒழுங்காகப் படிப்பேன்' என்பதில் பிடிக்க எதுவும் இல்லை. 'இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும், மேசையில் உட்கார்ந்து, நேற்றைய கேள்விகளுக்கு 10 நிமிடம் பதில் எழுதுவேன்' என்பதில் நேரம், இடம், வேலை மூன்றும் இருக்கிறது. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று சொல்வார்கள், நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் நிலையை எட்ட இடைநிலை அளவாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. தள்ளிப்போட்டுவிட்டோமே என்று தன்னைத் திட்டிக்கொள்வதும் உதவாது. முதலாண்டுக் கல்லூரி மாணவர்களைக் கவனித்த 2010-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், முதல் தேர்வுக்குத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகத் தள்ளிப்போட்டார்கள்.

போனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லாமல் விட முடியாது. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. ஒரு செய்திக்குப் பதில் போட 20 விநாடிதான் ஆகியிருக்கும்; திரும்பி வந்து அந்தப் பத்தியின் இழையைப் பிடிக்க அதைப்போலப் பல மடங்கு ஆகும். கவிழ்த்து வைப்பது, சத்தத்தை அடைப்பது எல்லாம் அரைகுறை வைத்தியம். எழுந்து நடந்து போய் எடுக்க வேண்டிய தூரத்தில், வேறு அறையில் வையுங்கள். பாடமே போனில்தான் இருக்கிறது என்றால் தேவையான பக்கங்களை இறக்கிக்கொண்டு இணையத்தை அணைத்துவிடுங்கள். இடைவேளையிலும் குறுங்காணொளிகள் வேண்டாம். 5 நிமிடம் என்று திறந்தது 5 நிமிடத்தில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. நடங்கள், தண்ணீர் குடியுங்கள், ஜன்னலைப் பாருங்கள். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்ற பொமொடோரோ முறையைப் பலரும் சொல்வார்கள். 1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் மாணவராக இருந்தபோது தக்காளி வடிவக் கடிகாரத்தை வைத்து ஆரம்பித்தது. அலுப்பூட்டும் வாசிப்புக்கு 25 நிமிடம் பொருத்தம். நீளமான கணக்குக்கோ நிரல் எழுதுவதற்கோ அது நடுவில் வெட்டிவிடும்; 45, 50 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தைக் குறைத்துப் படிப்பது கடன் வாங்கிச் செலவு செய்வது மாதிரி. 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம், அதற்கு மேற்பட்டவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் என்பது தூக்க மருத்துவர்களின் பரிந்துரை. பகலில் படித்தது நிலைப்படுவது பெருமளவு தூக்கத்தில்தான். பருவ வயதில் உடற்கடிகாரம் இயல்பாகவே பின்னுக்குத் தள்ளிப்போகும்; இரவு 11-க்கு முன் தூக்கம் வரவில்லை என்பது சோம்பல் அல்ல. விடுமுறை நாளில் மதியம்வரை தூங்கினால்தான் அந்தக் கடிகாரம் இன்னும் தள்ளிப்போய்த் திங்கட்கிழமை காலை வதைக்கும். எழும் நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். காபியின் காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 11 மணிக்கும் உடம்பில் இருக்கும்.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பிருந்து பழைய வினாத்தாள்களை முழு நேரம் வைத்து, இடையில் எழாமல் எழுதுங்கள். மூன்று மணி நேரம், 100 மதிப்பெண் என்றால் 180 நிமிடத்தில் 15 நிமிடத்தை வாசிக்கவும் சரிபார்க்கவும் ஒதுக்குங்கள். மீதி 165, மதிப்பெண்ணுக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று அதிகம். 10 மதிப்பெண் கேள்விக்கு 16 நிமிடம். 16 ஆனதும், பாதியில் இருந்தாலும் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இதையும் வீட்டில் பழகாமல் அங்கே செய்ய முடியாது. தெரிந்த கேள்விக்கு 30 நிமிடம் கொட்டி, கடைசி இரண்டு கேள்வியைத் தொடாமலேயே வருபவர்கள் நிறையப் பேர்.

'குறைவாகப் படித்து அதிக மதிப்பெண் வாங்கும்' அந்த நண்பரைக் கூப்பிட்டு, வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஒருவரை ஒருவர் கேள்வி கேளுங்கள். சேர்ந்து உட்கார்ந்து ஆளுக்கொரு புத்தகத்தை வாசிப்பதில் பலன் குறைவு, அரட்டையில்தான் முடியும். ஆளுக்கு 10 கேள்வி எழுதிக்கொண்டு வர வேண்டும், பதிலைப் புத்தகம் பார்க்காமல் விளக்க வேண்டும், கேட்பவர் 'ஏன்?' என்று குறைந்தது ஒரு தடவை குறுக்கே கேட்க வேண்டும். அவர் எப்படிப் படிக்கிறார் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

இதையெல்லாம் நான்கு வாரம் செய்து பார்த்தும், நன்றாகத் தூங்கியும், ஒரு பக்கத்தில்கூட மனம் நிற்கவில்லை என்றாலோ, முன்பு பிடித்த எதிலும் ஆர்வமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றாலோ, அதைப் படிப்பு முறையின் கோளாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரி ஆலோசகரையோ மருத்துவரையோ பாருங்கள். பார்வைக் குறைவு, ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு இவற்றில் எதுவும் வெளியே தெரியாமல் கவனத்தைத் தின்றுகொண்டிருக்கலாம்.